சைட்டோகைனை முதல் நாளே அடக்கலாமா?

"சைட்டோகைன்தான் ஆளைக் கொல்லுது, காய்ச்சல் வந்த அன்னைக்கே ஸ்டீராய்டு போட்டு அடக்கிடணும்" என்று கோவிட் பற்றி எழுதியிருக்கிறீர்கள். சைட்டோகைன் என்பது நோய் எதிர்ப்பு செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லப் பயன்படுத்தும் புரதம். நீங்கள் சொல்வது பாதி உண்மை. அதனால்தான் ஆபத்து.

வைரஸ் புகுந்த செல்லைக் கொல்லும் டி செல் தானாகக் கிளம்பிவிடாது. டென்ட்ரிடிக் செல் என்ற காவல் செல் வைரஸின் துண்டை அதற்குக் காட்ட வேண்டும். கூடவே இன்டர்லூகின்-12, முதல் வகை இன்டர்ஃபெரான் மாதிரியான சைட்டோகைன்களின் தூண்டுதலும் வேண்டும். அது பெருக இன்டர்லூகின்-2 துணை நிற்கும். தொற்று போன பிறகு, அந்த வைரஸை நினைவில் வைத்திருக்கும் டி செல்கள் தங்குவதற்கு இன்டர்லூகின்-7-ம் இன்டர்லூகின்-15-ம் வேண்டும். சைட்டோகைனை முதல் நாளே அடக்கினால் இந்த வேலையும் தடைபடலாம்.

கடுமையான கோவிட் நோயாளிகளில் ஏறக்குறைய 10 சதவீதம் பேருக்கு, முதல் வகை இன்டர்ஃபெரானையே முடக்கும் ஆன்டிபாடி இருந்தது 2020-ல் தெரியவந்தது. அவர்களுக்குச் சிக்கல் அந்த சைட்டோகைன் கூடியதால் அல்ல, வேலை செய்யாமல் போனதால்.

டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உயிர் காக்கவில்லையா என்பீர்கள். காத்தது, ஆக்சிஜனோ வென்டிலேட்டரோ தேவைப்பட்டவர்களை. அதைக் காட்டிய பிரிட்டனின் ரெகவரி என்ற மருந்து ஆய்விலேயே, ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு ஒரு பலனும் தெரியவில்லை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி முதல் நாளே போட்டுக்கொள்ளச் சொல்வதற்கு அதை ஆதாரமாகக் காட்டாதீர்கள்.