வெள்ளவத்தை மில்லும் என் தாத்தாவின் நாடாவும்

கொழும்பு ஹவ்லொக் வீதியில் இன்று அடுக்குமாடிகளும் அங்காடி வளாகமும் எழுந்து நிற்கும் நிலத்தில்தான் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இயங்கியது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'மில்' மட்டுமே. தாத்தா அங்கே தறியில் நின்றவர். அவருடைய நாடா ஒன்று, தறியில் ஊடுநூலைக் கொண்டோடும் மரக்கருவி, இன்னும் என்னிடம் இருக்கிறது: இரு முனையிலும் உலோகக் கூர், நடுவில் நூற்கண்டு வைக்கும் குழி, விரல் பட்டுப் பட்டு வழவழப்பாகிவிட்ட மரம். அதன் கண்ணுக்குள் நூலை வாயால் உறிஞ்சி இழுத்துத்தான் கோப்பார்களாம். தறிகளின் இரைச்சலில் காது மந்தமானதால் கடைசிவரை வீட்டிலும் உரத்துத்தான் பேசினார்.

1933இல், உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்தபோது, கூலிக் குறைப்பை எதிர்த்து அந்த ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மலையாளிகள். அன்று கொழும்புத் தொழிலாளரின் பெருந்தலைவராக விளங்கிய ஏ. ஈ. குணசிங்க அவர்களுக்கு எதிராக நிற்க, இளம் சட்டத்தரணி கொல்வின் ஆர். டி சில்வா அவர்களுக்குத் தலைமை தாங்கினார். 1935இல் இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சி தொடங்கப்பட்டபோது அதன் முன்வரிசையில் இருந்தவரும் அவரே. (1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை அத்தனை துணிவோடு எதிர்த்தவர், சிங்களத்தையே ஆட்சிமொழியாக உறுதிப்படுத்திய 1972 அரசியலமைப்பை வரைந்தது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.) இத்தனை பெரிய வரலாற்றைச் சுமந்த இடத்தை வெறும் காணி விலையால் மட்டும் அளப்பது சரியன்று என்பதே என் கருத்து.

நகரம் புதுப்பிக்கப்படுவதை நான் எதிர்க்கவில்லை. கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்து வைத்தியசாலையை, அதன் தடித்த சுவர்களையும் முற்றங்களையும் காப்பாற்றியபடியே, 2011இல் கடைகளும் உணவகங்களுமாக மாற்றினார்கள். அதே பொறுமையைத் தொழிலாளர் உழைத்த கட்டடங்களுக்கும் காட்டலாமே. ஆளுநரும் அதிகாரிகளும் புழங்கிய மாளிகைகளை மரபுரிமை என்கிறோம். பட்டறையையும் பண்டகசாலையையும் பழைய இரும்புக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். கொம்பனித்தெருவிலும் பேரை வாவிக் கரையிலும் எஞ்சியிருப்பவற்றின்மேல் கை வைக்குமுன், அவற்றை அளந்து, படமெடுத்து, அங்கே வேலை செய்தவர்களின் வாய்மொழியையும் பதிவுசெய்வதைக் கட்டட அனுமதியின் நிபந்தனையாகவே ஆக்க வேண்டும். கட்டடம் போனாலும் வரைபடமும் குரலும் மிஞ்சும்.

மில்லில் வேலை செய்த பெரியவர்கள் யாரேனும் உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து இந்த வாரமே அருகில் அமர்ந்து அவர்கள் சொல்வதைத் தொலைபேசியில் பதிவுசெய்யுங்கள். சம்பளச் சிட்டை, தொழிற்சங்க அட்டை, பழைய படம் எதுவானாலும் உட்பெட்டியில் எனக்கு அனுப்புங்கள். ஒன்றுவிடாமல் சேர்த்து வைக்கிறேன்.