தொடர் கூட்டல் குறியும் (∑) சிக்மாவும் (Σ) ஒன்றல்ல

‘தொடர் கூட்டலுக்கான குறி பெரிய சிக்மா என்ற கிரேக்க எழுத்தேதான், எழுத்துருவை மாற்றி அளவைக் கூட்டினால் போதும்’ என்று ஒரு கருத்து இருக்கிறது. வடிவம் சிக்மாவிலிருந்து வந்தது என்பது சரி. கணித மேதை ஆய்லர் 1755-லேயே சிக்மாவை இதற்குப் பயன்படுத்தியிருக்கிறார். ஆனால் கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடில் இவை இரண்டு தனித்தனி எழுத்துகள். எழுத்துரு எதுவானாலும் இது மாறாது.

வேர்டில் அந்தக் குறியைத் தட்டிவிட்டு, கர்சரை அதன் வலப்பக்கம் வைத்து ஆல்ட், எக்ஸ் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். 2211 என்று மாறினால் அது தொடர் கூட்டல் குறி. 03 என்று தொடங்கினால் கிரேக்க எழுத்து. மறுபடி அழுத்தினால் பழையபடி ஆகிவிடும், பயப்பட வேண்டாம்.

கணித ஆவணங்களை அச்சுக்கோக்கும் லேட்டெக்கிலும் (LaTeX) இரண்டுக்கும் வேறு வேறு கட்டளைகள். தொடர் கூட்டல் குறிக்கான கட்டளையைக் கொடுத்தால், தனி வரியில் வரும் சமன்பாட்டில் குறி தானாகப் பெரிதாகும், எல்லைகள் (கூட்டல் எதிலிருந்து எதுவரை என்பவை) மேலும் கீழும் போய் உட்காரும். சிக்மாவுக்கு அதே எல்லைகளைக் கொடுத்தால் அவை பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும். எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்த இடம் சரியாகாது (நானும் ஒரு காலத்தில் இப்படி மல்லுக்கட்டியவன்தான்). பெருக்கல் தொடருக்கான குறிக்கும் பெரிய பை எழுத்துக்கும் இதே கதைதான்.