பாலத்தை இடிக்கும் முன் கரையைப் பாருங்கள்

எங்கள் பக்கத்தில் இன்னொரு பழைய பாலத்துக்கும் நாள் குறித்துவிட்டார்கள். கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவில் சானலுக்கு, அதாவது பாசனக் கால்வாய்க்குக் குறுக்கே நிற்கும் சின்ன ஆர்ச் பாலம். கார் ஒன்று ஏறிவிட்டால் எதிரே வரும் பைக் ஒதுங்கி நிற்க வேண்டும். பள்ளி வேன் திரும்பத் திணறும். கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் பெயர்ந்தே போய்விட்டது. புதுப் பாலம் வேண்டும் என்று மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, பாலம் வருவதை நான் தடுக்கப் பார்க்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நான் கேட்பது ஒன்றுதான். இடிப்பதற்கு முன்னால், அந்த இடத்தில் பழையது என்ன இருக்கிறது, மண்ணுக்குள் என்ன இருக்க வாய்ப்பு உண்டு என்று விவரம் தெரிந்த ஒருவர் வந்து பார்த்து எழுதித் தர வேண்டும். அந்த அறிக்கை எஸ்டிமேட்டோடு சேர வேண்டும். மண் பரிசோதனை செய்யாமல் யாரும் பாலத்துக்கு அஸ்திவாரம் போடுவதில்லை. இதையும் அதே வரிசையில் வையுங்கள் என்கிறேன்.

பாலத்தடியில் அப்படி என்ன இருந்துவிடப் போகிறது என்று பலரும் கேட்கிறார்கள். ஆற்றை நினைத்த இடத்தில் எல்லாம் கடக்க முடியாது. கரை உறுதியாக இருக்க வேண்டும், ஆழம் குறைவாக இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் ஏறி இறங்க வழி இருக்க வேண்டும். அப்படி வாய்த்த இடத்தில்தான் ஆட்கள் முதலில் இறங்கி நடந்திருப்பார்கள். அப்புறம் தோணி, அப்புறம் சப்பாத்து என்ற தாழ்வான தரைப்பாலம், அப்புறம் பாலம். கடவு இருந்த இடத்தில் கூட்டம் நிற்கும். கூட்டம் நிற்கும் இடத்தில் கல்மண்டபம், சுமைதாங்கி, கிணறு, சின்னதாக ஒரு கோயில் எல்லாம் வரும். ஆகவே பழைய பாலம் நிற்கும் இடத்தை வெறும் சாலைத் துண்டாகப் பார்க்கக் கூடாது.

நம் மாவட்டத்தில் இது இன்னும் பொருந்தும். கோட்டாறு, பழைய கிரேக்கப் புவியியலாளர் தாலமியின் குறிப்புகளிலேயே வரும் ஊர். முதலாம் குலோத்துங்கன் காலத்தில் சோழர்களின் நிலைப்படை இருந்த இடம். முஞ்சிறைப் பக்கம் பார்த்திவசேகரபுரத்தில் ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் கோயில் எடுத்து, 95 சட்டர்கள் (வேதம் படிக்கும் மாணவர்கள்) தங்கிப் படிக்கக் கல்விச்சாலை அமைத்ததைச் செப்பேடு சொல்கிறது. அவர்களுக்கு நெல்லும் எண்ணெயும் ஏதோ ஒரு வழியில், ஏதோ ஓர் ஆற்றைக் கடந்துதானே வந்திருக்கும்? சிதறால் மலைக்குச் சமணர்கள் நடந்து போன பாதை எது? இன்றைக்கும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்தில் இருந்து சரஸ்வதியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும், வேளிமலைக் குமாரசுவாமியும் குழித்துறை, களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் போகிறார்கள். பழைய ராஜபாதை எப்படிப் போயிற்று என்று காட்டும் ஊர்வலம் இது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். சானல் பாலம் எப்படிப் பழைய இடமாகும்? பேச்சிப்பாறை அணை 1906-ல்தான் முடிந்தது. அந்தத் திட்டத்தில் வெட்டிய கால்கள் அந்தக் காலத்தவை அல்லது அதற்குப் பிந்தியவை, பட்டணங்கால் என்ற கால்வாய் இன்னும் பிந்தியது, அதன் மாத்தூர் தொட்டிப்பாலம் 1966-ல் கட்டியது. சரிதான். ஆனால் சானல் புதிதாக இருந்தாலும் அது குறுக்கே வெட்டிய சாலை பழையதாக இருக்கலாம். ஓடிக்கொண்டிருந்த வழியைச் சானல் அறுத்தபோது, அறுந்த இடத்தில் பாலம் கட்டிக் கொடுத்தார்கள். எது ஆற்றுக் கடவு, எது சானல் வெட்டிய வழி, எது நேற்று போட்ட ரோடு என்று பிரித்துச் சொல்வதுதான் இந்த ஆய்வின் முதல் வேலை. எல்லாப் பாலமும் புதையல் இல்லை. பெரும்பாலானவற்றில் ஒன்றும் கிடைக்காது. கிடைக்காது என்று எழுதி வைப்பதும் ஒரு பதில்தான்.

சில வருடங்களுக்கு முன் எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி ஓர் ஓடைப் பாலத்தை இடித்தார்கள். இடிந்த கல்லோடு ஒரு கருங்கல் பலகையும் டிப்பரில் ஏறியது. ஒரு முகம் சமமாகக் கொத்தியிருந்தது. சுண்ணாம்புச் சாந்து ஒட்டியிருந்த இடம் போக மிச்சத்தில் நாலைந்து வரி வட்டெழுத்து, தமிழின் பழைய எழுத்து. எனக்கு வாசிக்கத் தெரியாது, வட்டெழுத்து என்று மட்டும் தெரிந்தது. ஏதோ பழைய கட்டடத்துக் கல்லைப் பாலம் கட்டும்போது எடுத்துப் போட்டிருக்கிறார்கள். நம் பக்கம் இது சகஜம், துணி துவைக்கிற கல்லாகவும் வாய்க்கால் மேல் நடை கல்லாகவும் எத்தனையோ கிடக்கின்றன. ஜேசிபி ஓட்டிய தம்பியிடம் சொன்னேன். அவன் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: “அண்ணே, எழுத்து உள்ள கல்லு கெடச்சா நாங்க யாருட்ட சொல்லணும்?” நல்ல பையன், எடுத்து ஓரமாக வைக்கத் தயாராக இருந்தான். ஆனால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவனுக்கு யாருமே சொல்லித் தரவில்லை. மறுநாள் போனபோது இடமே காலி. அந்தக் கல் இப்போது ஏதோ ஒரு தோட்டத்தின் பள்ளத்தில் நிரவிக் கிடக்கும்.

இப்படி நடக்காமல் இருக்கப் பெரிய செலவு ஒன்றும் தேவையில்லை. முதலில் காகிதம். நம் மாவட்டம் அப்போது இருந்த திருவிதாங்கூரில் 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்ற இரண்டு லெப்டினன்ட்கள் நாட்டை அளந்து குறிப்பு எழுதினார்கள். தொல்லியலாளர் கோபிநாத ராவ் தொடங்கிய திருவிதாங்கூர் தொல்லியல் வெளியீட்டு வரிசை இருக்கிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட கன்னியாகுமரிக் கல்வெட்டுத் தொகுதிகள் இருக்கின்றன. வருவாய்த் துறையின் பழைய நிலவரைபடங்கள் இருக்கின்றன. பாலம் வரும் இடத்துக்கு இரண்டு கிலோமீட்டர் சுற்றளவில் என்ன பதிவாகி இருக்கிறது என்று இவற்றை வைத்தே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

அடுத்தது நடை. கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து வயல் வெறுமனே கிடக்கும் நாட்களில் கரையோரம் நடந்தால் கறுப்பு சிவப்புப் பானை ஓடு, பெரிய அளவுச் செங்கல், கொத்திய கல் எல்லாம் கண்ணில் படும். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்க வேண்டும், முக்கியமாகக் கிணறு வெட்டியவர்களிடமும் செங்கல் சூளைக்கு மண் எடுத்தவர்களிடமும். எந்த இடத்தில் ஓடு வந்தது, எந்த இடத்தில் சாம்பல் மண் வந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும். வைகைக் கரையில் தொல்லியலாளர்கள் இப்படித்தான் ஊர் ஊராகப் போய் 293 இடங்களைக் கண்டுபிடித்தார்கள். கீழடி அதில் ஒன்று. பழையாற்றின் கரையிலும், குழித்துறை ஆற்றின் கரையிலும், வள்ளியாற்றின் கரையிலும் அப்படி ஒரு நடை நடந்தால் நமக்கு எவ்வளவு நல்லது.

மேலே ஒன்றும் தெரியவில்லை என்பதற்காகக் கீழேயும் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. ஆற்றங்கரை வயலில் வெள்ளம் வருடா வருடம் வண்டல் போடுகிறது. ஆயிரம் வருடத்துக்கு முந்திய தரை ஆள் உயரத்துக்குக் கீழே போயிருக்கலாம். இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்ததும் இதுதான். பாலத்துக்கு அஸ்திவாரம் போட எப்படியும் துளை (போர்) போட்டு மண் எடுக்கிறார்கள். எத்தனை மீட்டரில் மணல், எத்தனை மீட்டரில் களிமண், எங்கே பாறை என்று எழுதுகிறார்கள். அதே மண்ணைத் தொல்லியல் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்தால், மணலுக்கு அடியில் கறுத்த மேல்மண் அடுக்கு வருகிறதா, அதில் கரித்துண்டோ ஓட்டுச் சில்லோ இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். இருந்தால் அங்கே ஒன்றிரண்டு சோதனைக் குழி போடலாம். கொஞ்ச ஆழத்திலேயே பாறை வந்துவிட்டால் கவலை இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய பாலத்தின் அஸ்திவாரம் இருக்கும் இடம் ஏற்கெனவே ஒரு தடவை தோண்டிய இடம். ஆற்றுப் படுகையை வெள்ளம் அரித்திருக்கும். அங்கே கெட இனி அதிகம் ஒன்றும் இல்லை. சேதம் நடப்பது வேறு இடத்தில். இரண்டு பக்கமும் உயர்த்தி அகலப்படுத்தும் அணுகு சாலையில், பாலம் முடியும்வரை போடும் மாற்றுப் பாதையில், ஜல்லியும் கம்பியும் இறக்கும் தோப்பில், நிரப்ப மண் வெட்டும் மேட்டில். சுமைதாங்கிக் கல் முதலில் சாய்வது சாலையை அகலப்படுத்தும்போதுதான். வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணின் நினைவாக வீட்டார் நட்ட கல் அது. அதை இரண்டடி தள்ளி நட ஜேசிபிக்கு அரை மணி நேரம் போதாதா?

சட்டம் என்ன சொல்கிறது? மத்திய அரசு பாதுகாக்கும் சின்னமாக இருந்தால் 2010 திருத்தப்படி 100 மீட்டருக்குள் கட்டக் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். மாநிலம் பாதுகாக்கும் சின்னங்களுக்கு 1966-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பட்டியலில் இல்லாத சாதாரண ஊர்ப் பாலத்துக்கு இவை எட்டாது. மண்ணுக்குள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும் என்று 1878-ன் புதையல் சட்டம் சொல்கிறது. அதாவது கிடைத்த பிறகு. தோண்டும் முன்பே பார் என்று நம் கிராமச் சாலைக்கு யாரும் சொல்வதில்லை. அமெரிக்காவில் மத்திய அரசுப் பணம் போகும் எந்தப் பாலத்துக்கும் 1966 சட்டத்தின் 106-வது பிரிவுப்படி முதலில் இதைப் பார்த்தாக வேண்டும். அங்கே கிராமத்துச் சிறு பாலங்களுக்கும் இது நடக்கிறது, பாலங்களும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

“தொல்லியல் துறைக்குச் சொன்னால் பத்து வருடம் வேலை நின்றுவிடும்” என்று எங்கள் ஊரில் எல்லோரும் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் வேலை நடுவில் நிற்பது எப்போது? அஸ்திவாரத் தூண் (பைல்) இறக்கும்போது ஏதாவது தட்டுப்பட்டால்தான். முன்கூட்டிப் பார்த்துவிட்டால் அந்தச் சிக்கலே வராது. காலமும் இருக்கிறது. இங்கே ஜூனில் அணை திறந்தால் பிப்ரவரி கடைசி வரை சானலில் தண்ணீர், மார்ச் முதல் மே வரை அடைப்பு. வேலை அந்த அடைப்பில்தான் நடக்கும். எஸ்டிமேட், நிதி ஒப்புதல், டெண்டர் என்று அதற்கு முன்பே மாதக்கணக்கில் போகிறது. முந்தின அடைப்பில் இரண்டு வாரம் ஒதுக்கினால் பாலத்தின் அடிக்கட்டு முதல் கரை வரை எல்லாம் காய்ந்து தெரியும். பாலம் ஒரு நாள்கூடத் தள்ளிப்போகாது.

பழைய பாலத்தையும் சும்மா இடித்துவிடக் கூடாது. வெட்டுகல் (செம்பாறைக் கல்) எது, கருங்கல் எது, ஆர்ச் எத்தனை அடி என்று அளந்து, நாலு பக்கமும் படம் எடுத்து வைக்க வேண்டும். கைப்பிடிச் சுவரில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரையோ கொல்லம் ஆண்டோ (மலையாள ஆண்டு) கொத்திய கல் இருந்தால் பத்திரமாகக் கழற்றிப் புதுப் பாலத்தின் முனையில் பதிக்கலாம். அந்த எண்ணோடு 825-ஐக் கூட்டினால் கட்டிய வருடத்தைப் பள்ளிப் பிள்ளைகளே ஏறக்குறையக் கணக்குப் போட்டுவிடுவார்கள். இடமிருந்தால் பழையதை நடைபாதையாக விட்டுப் பக்கத்தில் புதியது கட்டலாம். பழைய பாலம் என்றாலே பயனில்லை என்று நினைக்க வேண்டாம். திருநெல்வேலியில் 1843-ல் திறந்த சுலோசன முதலியார் பாலத்தில் இன்றும் பஸ் ஓடுகிறது.

எங்கள் ஊராட்சியில் அடுத்த கிராம சபைக்கு ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன். மூன்று விஷயம்தான். பாலத்துக்கு எடுக்கும் மண் மாதிரியைத் தொல்லியல் தெரிந்தவர் பார்க்க வேண்டும். மாற்றுப் பாதைக்கும் பொருள் இறக்கவும் எடுக்கும் நிலத்தை வேலைக்கு முன் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். எழுத்துள்ள கல்லோ பானையோ கிடைத்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று வேலை நடக்கும் இடத்தில் ஒரு போன் நம்பரைப் பெரிதாக எழுதி வைக்க வேண்டும். இதைப் படிக்கும் நாஞ்சில் நாட்டுக்காரர்களும் விளவங்கோட்டுக்காரர்களும் உங்கள் பக்கத்தில் இடிக்கப்போகும் பாலத்துக்கு இதையே கேளுங்கள். டெண்டர் விடுவதற்கு முன்னால் கேளுங்கள்.