எழுதக்கூடிய பேனா

பேனாக்காரர்: அம்மா, பணம் எடுக்கும் படிவத்தை நிரப்ப வங்கியில் நூலால் கட்டி வைத்திருக்கும் இந்தப் பேனா எழுதவில்லை. வேறு பேனா ஏதாவது இருந்தால் கொடுத்து உதவ முடியுமா?

காசாளர்: காலையிலிருந்து வரிசை முழுவதும் அதில்தான் எழுதியிருக்கிறது ஐயா, மை தீர்ந்திருக்கும். பின்னால் நிற்கும் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். ஐயா, ஐயா, இங்கே வைத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். உள்ளே எங்கள் சாப்பாட்டு அறை இருக்கிறது. அங்கே உட்கார்ந்து நிதானமாகப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

பேனாக்காரர்: எதைப் போட்டுக்கொள்ள வேண்டாம் என்கிறீர்கள்?

காசாளர்: கையில் வைத்திருக்கிறீர்களே, பேனா மாதிரி இருக்கும் அந்த இன்சுலின் ஊசியைத்தான் சொல்கிறேன். என் மாமியாரும் இப்படித்தான் தோல் உறையில் வைத்துக்கொண்டு, நேரம் பார்த்து, பயபக்தியோடு வெளியே எடுப்பார். உங்களுக்குச் சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?

பேனாக்காரர்: எனக்குச் சர்க்கரை நோயே கிடையாது. குனிந்து எழுதும்போது கீழே விழுந்துவிடக் கூடாதே என்று இதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தேன். இது பேனா.

காசாளர்: எழுதுகிற பேனாவா?

பேனாக்காரர்: ஆம், எழுதுகிற பேனா.

காசாளர்: அப்படியானால் எழுதுங்கள்.

பேனாக்காரர்: இதிலா?

காசாளர்: எழுதாதா?

பேனாக்காரர்: எழுதும். உங்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். இது அச்சில் வார்த்து ஆயிரக்கணக்கில் கொட்டுகிற பேனா அன்று. எபோனைட் தண்டைக் கடைசல் இயந்திரத்தில் பூட்டி, ஒருவர் உளியைக் கையில் பிடித்து, உடல், கழுத்து, மூடி என்று ஒவ்வொன்றாகக் கடைந்து, மரையையும் அவரே வெட்டி, உப்புத்தாளால் படிப்படியாகத் தேய்த்து மெருகேற்றிக் கொடுத்தது. இதற்காக நான் திருவள்ளூருக்கு நேரில் போய், என் விரல்களின் பருமனைக் காட்டி, கழுத்துப் பகுதியை அதற்கேற்பக் கடையச் சொன்னேன்.

காசாளர்: விரல் அளவு எதற்கு?

பேனாக்காரர்: எழுதும்போது பிடிப்பதற்கு வாகாக இருக்க வேண்டும் அல்லவா?

காசாளர்: எழுதும்போது என்று சொன்னீர்கள்.

பேனாக்காரர்: ஒரு பேச்சுக்குச் சொன்னேன். எபோனைட் என்றால் என்னவென்று தெரியுமா? இயற்கை ரப்பரோடு நூற்றுக்கு முப்பது அளவில் கந்தகத்தைச் சேர்த்து, மணிக்கணக்கில் சூடாக்கினால் கிடைக்கிற கெட்டிப் பொருள். அமெரிக்காவில் 1851இல் நெல்சன் குட்இயர் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரு காலத்தில் நல்ல பேனா என்றாலே எபோனைட்தான். பிளாஸ்டிக் வந்த பிறகு இதைச் செய்கிற ஆலைகள் அரிதாகிவிட்டன. அதிலும் இப்படித் தேன் நிறமும் கருப்பும் அலை அலையாக ஓடுகிற தண்டு எளிதில் கிடைக்காது. துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், கந்தக வாடை வரும்.

காசாளர்: பள்ளிக்கூடத்தில் நாங்களும் தேய்த்திருக்கிறோம் ஐயா. எபோனைட் தண்டைக் கம்பளித் துணியால் தேய்த்து, கிழித்துப் போட்ட காகிதத் துண்டுகளின் அருகே கொண்டுபோனால் அவை தாவி ஒட்டிக்கொள்ளும். காகிதத்துக்கு அவ்வளவு அருகில் போயும் அந்தத் தண்டு ஓர் எழுத்து எழுதியதில்லை. உங்களுடையதும் அதே குடும்பம் போலிருக்கிறது.

பேனாக்காரர்: விளையாட்டாகப் பேசுகிறீர்கள். இதன் விலை பதினோராயிரம் ரூபாய்.

காசாளர்: நீங்கள் எடுக்க வந்திருப்பது இரண்டாயிரம். படிவத்தை நிரப்புங்கள்.

பேனாக்காரர்: எதனால் நிரப்புவது?

காசாளர்: கையில் இருப்பது எழுதாதா?

பேனாக்காரர்: எழுதும் என்றுதான் சொன்னேனே. ஆனால் இதில் வெயில் பட்டால் நிறம் மங்கும், தண்ணீர் பட்டால் பழுப்பேறும், வியர்வையும் ஆகாது.

காசாளர்: வெயிலும் தண்ணீரும் வியர்வையும் ஆகாதென்றால் இந்த ஊரில் அதை எங்கேதான் வைத்துக்கொள்வது?

பேனாக்காரர்: பட்டுத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். வெளியே கிளம்பும்போது மட்டும் சட்டைப் பையில் செருகிக்கொள்வேன். பையில் இருந்தால் அதற்கென்று ஒரு கம்பீரம் இருக்கிறது.

(வாங்கியவரைத் தவிர வேறு எவருக்கும் அந்தக் கம்பீரம் தெரிவதில்லை. எந்த அலுவலக வரிசையிலும் இந்த இனத்தில் ஒருவரைப் பார்க்கலாம். பையில் பேனா நிமிர்ந்து நிற்கும், கை மட்டும் பக்கத்தில் நிற்பவரை நோக்கி நீளும்.)

பேனாக்காரர்: உங்களுக்கு இதன் வரலாறு தெரியாது. வெளிநாட்டுப் பேனாவுக்கு மாற்றாக ராஜமுந்திரியில் ரத்னம் என்பவர் செய்த சுதேசிப் பேனா காந்தியடிகளிடம் போய்ச் சேர்ந்து, அவர் 1935இல் பாராட்டிக் கடிதமே எழுதியிருக்கிறார்.

காசாளர்: கடிதத்தில் என்ன எழுதினார்?

பேனாக்காரர்: பேனாவைப் பயன்படுத்திப் பார்த்ததாகவும், கடைவீதியில் கிடைக்கும் வெளிநாட்டுப் பேனாக்களுக்கு அது நல்ல மாற்றாகத் தோன்றுவதாகவும் எழுதினார்.

காசாளர்: பயன்படுத்திப் பார்த்தாரா?

பேனாக்காரர்: ஆமாம்.

காசாளர்: பட்டுத் துணியில் சுற்றி வைத்ததாக எழுதவில்லையே? என் அப்பா கிராமத்தில் கணக்கு எழுதியவர். அவரிடம் இருந்ததும் கருப்பு எபோனைட் பேனாதான்; கழற்றி, சொட்டுக்குழாயால் உடல் முழுக்க மை ஊற்ற வேண்டும். மை பாதியாகக் குறைந்ததும் கைச்சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து, நிப்பின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு பேரேட்டின் மீது விழும்; அதை உறிஞ்சுவதற்குச் சுண்ணக்கட்டியைப் பக்கத்திலேயே வைத்திருப்பார். அந்தப் பேனா வெயிலிலும் வியர்வையிலும் பழுப்பேறிவிட்டது உண்மைதான். ஆனால் அவருடைய கைச்சாய்வுக்கு ஏற்ப நிப் தேய்ந்து படிந்திருந்ததால், வேறு யார் எடுத்து எழுதினாலும் கீறும். உங்களுடைய நிப் யார் கைக்குப் படிந்திருக்கிறது?

பேனாக்காரர்: யார் கைக்கும் படியவில்லை. அதுதான் அதன் சிறப்பு.

காசாளர்: சரி, பின்னால் நிற்கும் அம்மா தம் பேனாவைக் கொடுக்கிறார், வாங்கிச் சீக்கிரம் எழுதிக் கொடுங்கள். வரிசை வாசல் வரைக்கும் போய்விட்டது.

பேனாக்காரர்: மிக்க நன்றி. இதோ நிரப்பிவிட்டேன், கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

காசாளர்: கையெழுத்து ஒத்துப்போகவில்லை ஐயா.

பேனாக்காரர்: என் கையெழுத்து எனக்கே ஒத்துப்போகவில்லையா?

காசாளர்: உங்களுக்கு ஒத்துப்போகலாம், 1988இல் நீங்கள் கொடுத்த மாதிரிக் கையெழுத்து அட்டைக்கு ஒத்துப்போகவில்லை. இங்கே பாருங்கள், அட்டையில் இருப்பது மைப் பேனாவால் போட்டது. கீழே இறங்கும் கோடு தடித்து, மேலே ஏறும் கோடு மெலிந்து, கடைசிச் சுழி எவ்வளவு அழகாக வளைந்திருக்கிறது! படிவத்தில் இருப்பது பந்துமுனைப் பேனாவால் அழுத்திக் கீறியது. சுழி பாதியிலேயே நின்றுவிட்டது.

பேனாக்காரர்: அப்போது நான் தலைமையாசிரியர். பந்துமுனைப் பேனாவில் எழுதினால் கையெழுத்து கெட்டுவிடும் என்று பிள்ளைகளிடமிருந்து அவற்றைப் பறிமுதல் செய்து மேசை இழுப்பறையில் பூட்டி வைத்தவன்.

காசாளர்: சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள், கெட்டுவிட்டது. இப்போது ஒரே வழிதான் இருக்கிறது. உங்கள் பேனாவைத் திறந்து, அட்டையில் உள்ளபடியே ஒரு கையெழுத்துப் போடுங்கள்.

பேனாக்காரர்: இதிலா?

காசாளர்: எழுதாதா?

பேனாக்காரர்: எழுதும். அதாவது, எழுதக்கூடியது. மை ஊற்றினால் எழுதும்.

காசாளர்: மை இல்லையா?

பேனாக்காரர்: இதுவரை ஊற்றியதில்லை. ஒருமுறை மை பட்டுவிட்டால் பிறகு எத்தனை முறை கழுவினாலும் நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கின் பள்ளங்களில் சாயம் தங்கிவிடும். பிறகு யாரும் இதைப் புதுப் பேனா என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

காசாளர்: விற்கப் போகிறீர்களா?

பேனாக்காரர்: என் உயிர் இருக்கும் வரை விற்க மாட்டேன்.

காசாளர்: எழுதவும் மாட்டீர்கள், விற்கவும் மாட்டீர்கள், புதுப் பேனா என்று யார் ஒப்புக்கொள்வதற்காகக் காத்திருக்கிறீர்கள்? கடைசல்காரர் உங்கள் விரலை அளந்தாரே, அந்த மனிதர் மீதாவது கொஞ்சம் இரக்கம் காட்டக் கூடாதா? போகட்டும், எங்கள் முத்திரைத் திண்டுக்கு ஊற்றுகிற மை ஒரு புட்டி இருக்கிறது. அதில் இரண்டு சொட்டு ஊற்றித் தரட்டுமா?

பேனாக்காரர்: ஐயோ, வேண்டாம்! அது கெட்டியான மை, நாக்கிலேயே அடைத்துக்கொள்ளும். இந்தப் பேச்சையே பேனாவின் அருகில் பேசாதீர்கள்.

காசாளர்: சரி, பேனா உறைக்குள் போகட்டும். கை நடுங்குகிறவர்களுக்கும் எழுதத் தெரியாதவர்களுக்கும் நாங்கள் வைத்திருக்கிற வழி ஒன்று இருக்கிறது. இடது கைப் பெருவிரலைக் கொடுங்கள்.

பேனாக்காரர்: கைநாட்டா? எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்த என்னைக் கைநாட்டு வைக்கச் சொல்கிறீர்களா?

காசாளர்: மை வாங்கி ஊற்றிக்கொண்டு நாளைக்கு வந்தாலும் சரிதான் ஐயா. கடைவீதியில் ஒரு புட்டி மை வாங்குவது ஒன்றும் பெரிய செலவில்லை.

பேனாக்காரர்: அந்தத் திண்டில் இருக்கும் மை விரலில் எவ்வளவு நேரம் நிற்கும்?

காசாளர்: சோப்புப் போட்டுத் தேய்த்தால் இரண்டு நாளில் போய்விடும்.

பேனாக்காரர்: அந்த விரலால் இதைத் தொட்டுவிட்டால்?

காசாளர்: அது இடது கை விரல், நீங்கள் பேனாவை எடுப்பது வலது கையால். எழுதாத பேனாவை எந்தக் கையால் எடுத்தால்தான் என்ன? விரலை நீட்டுங்கள்.

பேனாக்காரர்: மெதுவாக, மெதுவாக. சட்டைக் கைமடிப்பில் படப் போகிறது. இத்துடன் முடிந்ததா?

காசாளர்: கைநாட்டுக்குச் சாட்சிக் கையெழுத்து ஒன்று வேண்டும். உங்களுக்குப் பின்னால் நிற்கிற அம்மா போட்டுத் தருகிறேன் என்கிறார்.

பேனாக்காரர்: நல்ல மனம் படைத்தவர். போடச் சொல்லுங்கள்.

காசாளர்: போடுவார் ஐயா. எழுதி முடித்த கையோடு அவருடைய பேனாவை உங்கள் சட்டைப் பையில் செருகிக்கொண்டீர்களே, அதை எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.