மெத்தையின் எடையையும் கேளுங்கள்

விலை கூடக் கூட மெத்தை நீண்ட நாள் உழைக்கும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் அதை நம்பினால் பணம்தான் போகும். இங்கே பலர் கொடுப்பது தவணை விலை. லோரியில் தோட்டத்து வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து, "மாதம் 90 வெள்ளிதான்" என்பார்கள். 12 மாதத்துக்குக் கூட்டிப் பாருங்கள், 1,080 வெள்ளி (ரிங்கிட்)! ரொக்க விலை என்ன என்று முதலில் கேளுங்கள்.

ஃபோம் மெத்தைக்கு உயிர் அதன் அடர்த்தி. கன மீட்டருக்கு 30 கிலோ என்று சொன்னால், 152க்கு 190 செ.மீ. குயின் அளவில் 15 செ.மீ. கனமுள்ள ஃபோம் சுமார் 13 கிலோ இருக்க வேண்டும். எட்டு கிலோதான் நிற்கிறது என்றால் சொன்ன சரக்கு அதில் இல்லை. இடுப்பு படும் இடத்தில் சீக்கிரமே குழி விழுந்துவிடும்.

ரப்பர் பால் வெட்டிப் பிழைத்த குடும்பங்களுக்கு, அந்தப் பாலில் செய்யும் லேடெக்ஸ் மெத்தை என்றாலே தனிப் பாசம். ஆனால் செயற்கை ரப்பர் கலந்ததும் உண்டு, சாதா ஃபோமின் மேல் மெல்லியதாக ஒட்டியதும் உண்டு. உறையில் ஜிப் இருந்தால் திறந்து பக்கவாட்டைப் பாருங்கள். எத்தனை அடுக்கு என்பது அங்கே தெரிந்துவிடும். லேடெக்ஸ் அடுக்கில் பெரும்பாலும் வரிசை வரிசையாகத் துளைகள் இருக்கும்.

உத்தரவாதம் 10 வருடமா? எவ்வளவு பள்ளம் விழுந்தால் மாற்றித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கடைக்காரர் கைவிரித்தால் 5 வெள்ளி கட்டி பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வழக்கறிஞர் தேவையில்லை.