கணக்குப்பிள்ளை என்றே வைத்துக்கொள்ளுங்கள்

தணிக்கை அறிக்கையைப் பற்றி நேற்று ராத்திரி டிவியில் நடந்த அந்த விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். பார்க்காதவர்களுக்கு இந்நேரம் வாட்ஸ்அப்பில் அந்தத் துண்டு வந்து சேர்ந்திருக்கும். "சட்டமன்றத்தைவிட ஒரு கணக்குப்பிள்ளை பெரிய ஆளா?" என்று கேட்டுவிட்டு அந்தக் கட்சிச் செய்தித் தொடர்பாளர் சிரித்தார். நெறியாளரும் கூடச் சேர்ந்து சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பில்தான் பற்றிக்கொண்டு வந்தது.

ஐயா, அவர் பெரிய ஆளே இல்லை. மாநில அரசின் செலவைத் தணிக்கை செய்யும் மாநிலக் கணக்காயருக்கு, நம் பேச்சில் ஏ.ஜி.க்கு, யாரையும் கைது செய்ய அதிகாரம் கிடையாது. உங்கள் துறையில் ஒரு கிளார்க்கைக்கூட அவரால் இடமாற்றம் செய்ய முடியாது. போன பணத்தை யார் சட்டைப் பையிலிருந்தும் எடுக்க முடியாது. செலவுக்கு ரசீது எங்கே என்று கேட்கலாம், கிடைத்த பதிலை எழுதி வைக்கலாம். அவ்வளவுதான். வெறும் கேள்விக்கே இவ்வளவு கோபமா?

சட்டமன்றத்துக்கு அவர் எதிரி மாதிரிப் பேசுகிறார்கள், அதுதான் வேடிக்கை. அவர் வேலை செய்வதே சட்டமன்றத்துக்காகத்தானே! இந்தத் துறைக்கு இவ்வளவு பணம் என்று ஒப்புதல் கொடுப்பது எம்.எல்.ஏ.க்கள். கொடுத்த பணம் சொன்ன காரியத்துக்குத்தான் போனதா என்று அவர்களிடமே திரும்பி வந்து சொல்ல ஒரு ஆள் வேண்டாமா? அரசியலமைப்பின் 151ஆவது பிரிவு அதற்குத்தான். தணிக்கை அறிக்கை ஆளுநருக்குப் போகும், அவர் அதைச் சட்டமன்றத்தில் வைக்கச் செய்ய வேண்டும். எத்தனை நாளுக்குள் என்று மட்டும் அதில் எழுதவில்லை. அந்தச் சந்து போதாதா? கூட்டத்தொடரின் கடைசி நாள், எல்லாரும் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிற நேரம் பார்த்து மேஜையில் வைப்பார்கள். அப்புறம் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு. யார் ஆண்டாலும் இதுதான் பழக்கம். டெல்லியில் இதையும் தாண்டி, 14 அறிக்கைகளை அவைக்கே கொண்டுவராமல் கிடப்பில் போட்டிருந்தார்கள். 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் கண்டித்தது. ஆட்சி மாறிய பிறகு, பிப்ரவரியில்தான் அந்த அறிக்கைகள் சட்டமன்றத்துக்கு வரத் தொடங்கின.

நான் தணிக்கைக் குழுவில் ஊர் ஊராகச் சுற்றி ஓய்வு பெற்றவன். கணக்குப்பிள்ளைதான், மறுக்கவில்லை. தெற்கே ஒரு அலுவலகம், பெயர் வேண்டாம். எங்களுக்குப் பழைய பதிவேடுகள் குவித்த ஒரு அறையை ஒதுக்கினார்கள். கேட்ட ஃபைல் எல்லாம் "ஐயாவோட கேம்ப்ல இருக்கு சார்" என்று ஆனது. கடைசியில் வந்தது ஒரு சாலை வேலையின் மஸ்டர் ரோல். வரிசையாகக் கூலியாட்கள் பெயர், எதிரே கைநாட்டு. முதல் ரேகை நல்ல கறுப்பு. அடுத்தது கொஞ்சம் மங்கல், அதற்கடுத்தது இன்னும் மங்கல். பக்கத்தின் பாதியில் மறுபடியும் பளிச்சென்று கறுப்பு, திரும்பவும் மங்கிக்கொண்டே போகிறது. எல்லா ரேகையிலும் குறுக்கே ஒரே வெட்டுத் தழும்பு. ஒரு விரல், ஒரு மைப்பெட்டி, ஊர்பட்ட கூலியாட்கள்!

பாரா, அதாவது தணிக்கை ஆட்சேபம், எழுதினோம். மதியம் ஒருவர் வந்து, "சார், சின்ன வேலை, டிராப் பண்ணிடுங்க, பொண்ணு கல்யாணம் வெச்சிருக்கேன்" என்றார். பண்ணவில்லை. மாதக்கணக்கில் காத்திருந்து வந்த பதிலை இன்னும் வரி மாறாமல் சொல்வேன்: "தணிக்கையின் கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது. வருங்காலங்களில் தவிர்க்கப்படும்." முடிந்தது. இந்தப் பதிலை வாங்கத்தான் லாட்ஜில் கொசுக்கடியோடு தங்கினோம். இதில் நாங்கள் சட்டமன்றத்தைவிடப் பெரியவர்களாம்.

கேள்வி கேட்டு என்ன ஆகப்போகிறது என்கிறவர்கள் பீகாரைப் பாருங்கள். மாதாந்திரக் கணக்கு ஒழுங்காக வரவில்லை, இது கையாடலின் அறிகுறியாக இருக்கலாம் என்று 1985லேயே அன்றைய சிஏஜி (நாடு முழுக்க இந்த ஏ.ஜி.க்களுக்கெல்லாம் தலைவர்) சதுர்வேதி மாநில முதல்வருக்குக் கடிதம் எழுதினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1996இல் மாட்டுத்தீவன ஊழல் வெடித்தது. கால்நடை ஏற்றி வந்ததாக பில் போட்ட வண்டிகளின் எண்ணைச் சரிபார்த்தால் அதில் ஸ்கூட்டர் எண்ணும் இருந்தது. ஸ்கூட்டரில் மாடு! அதைக் கண்டுபிடித்ததும் எண்ணை எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்த கணக்குப்பிள்ளைகள்தான்.

இப்போது கீழே கமென்ட்டில் வருவீர்கள், தெரியும். "2ஜி அலைக்கற்றை ஒதுக்கீட்டில் அரசுக்கு 1.76 லட்சம் கோடி இழப்பு என்று சிஏஜி சொன்னாரே, என்ன ஆச்சு?" ஆமாம், 2017 டிசம்பரில் எல்லாரும் விடுதலை. ஆனால் அந்த அறிக்கை ஒரே ஒரு தொகையைச் சொல்லவில்லை. ஏறக்குறைய 57 ஆயிரம் கோடியில் தொடங்கி வெவ்வேறு முறையில் போட்ட கணக்குகள் அதில் இருந்தன. இருப்பதிலேயே பெரியதை எடுத்துத் தலைப்பாக்கியது யார், மேடை மேடையாகப் பேசியது யார் என்று நான் சொல்ல வேண்டாம். உரிமங்கள் 122ஐ 2012இல் உச்ச நீதிமன்றமே ரத்து செய்ததை மட்டும் யாரும் சொல்வதில்லை. சரி, அது தப்பான கணக்கு என்றே வைத்துக்கொள்வோம். அதற்காக ஒரு மாவட்டத்துச் சாலைக் கணக்கை இன்று யாருமே பார்க்கக்கூடாதா?

"அவர் டெல்லியின் ஆள்" என்பது அடுத்தது. சிஏஜியை நியமிப்பதில் மத்திய அரசின் கைதான் ஓங்கியிருக்கிறது, அந்த முறை மாற வேண்டும் என்பது நியாயமான பேச்சு. உச்ச நீதிமன்றத்தில் அதற்கு வழக்கும் உண்டு. போய் அதைப் பேசுங்கள், நானும் வருகிறேன். ஆனால் 2023 ஆகஸ்டில் துவாரகா விரைவுச்சாலைக்கு கிலோமீட்டருக்கு மத்திய அமைச்சரவைக் குழு அனுமதித்தது 18.20 கோடி, நெடுஞ்சாலை ஆணையம் ஒப்புதல் கொடுத்ததோ 250.77 கோடி என்று இதே துறை எழுதியபோது இதே ஆட்கள்தானே போஸ்டர் அடித்துப் பகிர்ந்தார்கள்? அன்றைக்கு அவர் டெல்லியின் ஆள் இல்லையா? ஊருக்குள் வந்து கேட்டால்தான் ஆகிறதா?

"அறிக்கை ரெண்டு வருஷம் கழித்து வருகிறது, எதற்கு உபயோகம்?" பதில் தராமல் இழுத்தடிக்கிறவர்களைக் கேளுங்கள்.

அரசியலமைப்பு அவையில் 1949இல் அம்பேத்கர், இந்தச் சட்டத்திலேயே மிக முக்கியமான அதிகாரி அநேகமாக சிஏஜிதான் என்று பேசினார். நீதித்துறையின் கடமைகளைவிடவும் இவருடையவை முக்கியமானவை என்றும் சொன்னார். நேற்று சிரித்தவர் வீட்டு ஹாலிலும் அம்பேத்கர் படம் மாட்டியிருக்கும். ஏப்ரல் 14 அன்று மாலை போடுவார்.

இதைவிட எனக்கு வலிப்பது அரசு ஊழியர்கள் அந்தத் துண்டுக்குக் கைதட்டி எமோஜி போட்டது. பழைய ஓய்வூதியத்தில் இருக்கும் அண்ணன்மாரே, உங்கள் பி.எஃப். கணக்கை வருஷா வருஷம் வைத்திருப்பது யார்? ஓய்வு பெற்ற அடுத்த மாதம் "ஏ.ஜி.யிலிருந்து ஆர்டர் வந்துருச்சா" என்று எனக்கு எத்தனை போன் அடித்தீர்கள்? அப்போது ஏ.ஜி. அலுவலகம் இருக்கும் தேனாம்பேட்டை உங்களுக்குச் சாமி சந்நிதி. பென்ஷன் வந்த பிறகு கணக்குப்பிள்ளை, அப்படித்தானே?

எழுத எழுதக் கோபம்தான் ஏறுகிறது, நிறுத்திக்கொள்கிறேன். தமிழ்நாட்டு அறிக்கைகள் சிஏஜி இணையதளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன, தமிழிலும் இருக்கின்றன. ஒரு அறிக்கையில் உங்கள் ஊர் சம்பந்தப்பட்ட ஒரே ஒரு பாராவைப் படித்துவிட்டு வந்து என்னோடு சண்டை போடுங்கள், உட்கார்ந்து பேசுகிறேன். படிக்காமல் "2ஜி" என்று மட்டும் எழுதுகிறவர்களுக்கு இந்தப் பதிவில் பதில் கிடையாது.