எல்லோரும் காத்திருக்கும் நாளில் பந்தயம் இல்லை

சைக்கிள் பந்தயம் பார்க்கத் தொடங்கும் நண்பர்களிடம், "மலை ஏறும் நாட்களை மட்டும் பாருங்கள், போதும்" என்று பல வருடம் சொல்லியிருக்கிறேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. 21 நாள் ஓடும் ஒரு பந்தயத்தில் எந்த நாள் சலிப்பூட்டுகிறது, எந்த நாள் நம்மை நாற்காலி நுனிக்கு இழுக்கிறது என்று யோசித்தால், மலையின் உயரத்துக்கும் அதற்கும் பெரிய தொடர்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

2025 மே 31-ஆம் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜிரோ டி இத்தாலியாவின் 20-வது நாள். மறுநாள் ரோமில் சம்பிரதாய ஓட்டம்தான், ஆக முடிவு அன்றைக்கே. மொத்த நேரக் கணக்கில் முதலிடத்தில் இருப்பவர் அணியும் இளஞ்சிவப்பு ஜெர்சி மெக்சிகோவின் இசாக் டெல் டோரோவிடம். வயது 21. அவருக்கு 43 விநாடி பின்னால் எக்வடோரின் ரிச்சர்ட் கராபாஸ், 2019-இல் இதே பந்தயத்தை வென்றவர். 1 நிமிடம் 21 விநாடி பின்னால், மூன்றாவது இடத்தில், இங்கிலாந்தின் சைமன் யேட்ஸ். வழியில் கோல்லே டெல்லே ஃபினெஸ்ட்ரே என்ற மலை. 18 கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம், அதில் கடைசி 8 கிலோமீட்டர் தார் போடாத மண் சாலை.

அடிவாரத்தில் கராபாஸ் பாய்ந்தார், டெல் டோரோ ஒட்டிக்கொண்டார். யேட்ஸ் மெதுவாக வந்து சேர்ந்தார், அப்புறம் அவரே முன்னால் போனார். இங்கேதான் அந்த விநோதம். டெல் டோரோவும் கராபாஸும் சேர்ந்து மிதித்திருந்தால் யேட்ஸ் அவ்வளவு தூரம் போயிருக்க முடியாது என்றே நினைக்கிறேன். ஆனால் பூனைக்கு யார் மணி கட்டுவது? கராபாஸின் கணக்கில், ஜெர்சி டெல் டோரோவுடையது, காப்பாற்ற வேண்டியவர் அவர். டெல் டோரோவின் கணக்கில், தான் துரத்திக் களைத்தால் கராபாஸ் கடைசியில் தாண்டிப் போய்விடுவார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடியே ஓட்டினார்கள். என் பக்கத்தில் இருந்த அம்மா, இந்த விளையாட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர், "அந்தப் பையன் ஏன் துரத்த மாட்டேங்கிறான்?" என்று கேட்டார். அன்றைய பந்தயம் முழுவதும் அந்தக் கேள்வியில் இருந்தது.

இதற்கு அடிப்படை காற்று. முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்கிறார், பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவருக்குச் சமதளத்தில் உழைப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அதனால் எதிராளிக்கு முன்னால் போய் ஓட்டுவது அவருக்குக் கொடுக்கும் பரிசு. கொடுக்காவிட்டாலோ இரண்டு பேருக்கும் நஷ்டம். அணியினர் கூட இருக்கும்வரை இந்தச் சிக்கல் தலைவருக்கு இல்லை, அவர்கள் மாறி மாறி இழுப்பார்கள். அவர்கள் ஒவ்வொருவராகக் கழன்று, எதிரியின் உதவி இல்லாமல் முடியாது என்ற நிலைக்குத் தலைவர்கள் தனியாக வந்து நிற்கும்போதுதான் பந்தயம் தொடங்குகிறது. என் கட்சி இதுதான்.

ஃபினெஸ்ட்ரேயின் உச்சியில் பந்தயம் முடியவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அதற்கு அப்புறம் 25 கிலோமீட்டருக்கு மேல் மிச்சம், இறக்கமும் பள்ளத்தாக்கும் முடிவிடமான சேஸ்த்ரியேரே ஏற்றமும். யேட்ஸின் அணிக்காரர் வூட் வான் ஆர்ட் காலையிலேயே முன்னால் போன குழுவில் இருந்தார். பள்ளத்தாக்கில் யேட்ஸுக்காகக் காத்திருந்து, அவரை முதுகில் வைத்துக்கொள்ளாத குறையாக இழுத்துக்கொண்டு போனார். மற்ற இருவரும் அன்று 5 நிமிடத்துக்கு மேல் இழந்தார்கள். யேட்ஸ் மொத்தப் பந்தயத்தையும் 3 நிமிடம் 56 விநாடியில் வென்றார். 2018-இல் இதே மலை இருந்த நாளில்தான், இளஞ்சிவப்பு ஜெர்சியுடன் கிளம்பிய யேட்ஸ் 38 நிமிடத்துக்கு மேல் இழந்து உடைந்துபோனார். 80 கிலோமீட்டர் தனியாக ஓட்டிய கிறிஸ் ஃப்ரூம் அன்று ஜெர்சியைக் கைப்பற்றினார். 2025-இல் யேட்ஸ் கோட்டைத் தாண்டி அழுதபோது எனக்கும் கண் கலங்கியது.

இதற்கு நேர் எதிர் 2012 டூர் டி பிரான்ஸ். அந்த வருடத்தை ரசித்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், பிராட்லி விக்கின்ஸ் மிகச் சிறந்த வீரர். ஆனால் தனித்தனியாகக் கடிகாரத்தை எதிர்த்து ஓட்டும் டைம் ட்ரயல் மட்டும் அந்த டூரில் 100 கிலோமீட்டருக்கு மேல். விக்கின்ஸ் அதில் மன்னர். மலைகளில் அவருடைய ஸ்கை அணி வரிசையாக முன்னால் நின்று, தாக்க, அதாவது பாய்ந்து பிரிந்து போக, நினைப்பவருக்கு மூச்சே மிஞ்சாத ஒரே சீரான வேகத்தில் இழுத்தது. தாக்கினாலும் பயனில்லை என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் தாக்கியவர்கள் குறைவு, அவர்களுக்கும் பலன் கிடைக்கவில்லை. ஒரு தடவை, லா துஸ்வீர் ஏற்றத்தில், விக்கின்ஸின் சொந்த அணிக்காரர் ஃப்ரூம் அவரைவிட்டு முன்னால் போனார். காதில் இருந்த ரேடியோவில் அணியின் உத்தரவு வந்தது, ஃப்ரூம் வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தார். கதவு திறந்த கணம் அது, உடனே மூடிவிட்டார்கள். கடைசியில் விக்கின்ஸ் முதலிடம், ஃப்ரூம் 3 நிமிடம் 21 விநாடியில் இரண்டாமிடம்.

டைம் ட்ரயலே குற்றவாளி என்று சொல்ல வரவில்லை. 1989-இல் டூரின் கடைசி நாளே டைம் ட்ரயல், வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர். லோரான் ஃபின்யோன் 50 விநாடி முன்னிலையில் கிளம்பி 8 விநாடியில் கிரெக் லெமாண்டிடம் தோற்றார். அதுவரை டூரில் முதலிடத்தில் இருப்பவருக்கான மஞ்சள் ஜெர்சி அந்த இருவரிடையே மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. அந்த நாளுக்கு உயிர் கொடுத்தது அதுதான்.

சமதள நாட்களையும் குறைத்துப் பேச வேண்டாம். நாலு பேர் முன்னால் போவார்கள், கூட்டம் கடைசி 10 கிலோமீட்டரில் பிடிக்கும், கோட்டருகே முழு வேகப் போட்டியான ஸ்ப்ரிண்ட் நடக்கும். பெரும்பாலும் அப்படித்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2013 டூரின் 13-வது நாள், சாந்த்-அமாந்த்-மோன்ரோன் போகும் வழியில் பக்கக்காற்று அடித்தது. பக்கத்திலிருந்து காற்று வந்தால் ஒருவருக்குப் பின்னால் ஒருவராக ஒளிய முடியாது, சாலையின் குறுக்கே சாய்வாக வரிசை கட்ட வேண்டும். சாலை அகலம் எவ்வளவோ அவ்வளவு பேருக்குத்தான் இடம். மிச்சப் பேர் ஓரத்தில் காற்றில் நின்று சாக வேண்டியதுதான். முன்னணி வீரர்களில் ஒருவரான, சக்கரத்தில் கோளாறாகிப் பின்தங்கிய வால்வெர்டே 9 நிமிடத்துக்கு மேல் இழந்தார். அப்புறம் இன்னொரு முன்னணி வீரர் கொன்டடோரின் அணி திடீரென்று வேகம் பிடித்து, மஞ்சள் ஜெர்சியில் இருந்த ஃப்ரூமைப் பின்னால் தள்ளி 1 நிமிடம் 9 விநாடி பறித்தது. சொல்லிக்கொள்ளும்படி ஒரு மலைகூட இல்லாத நாள் அது.

ரேடியோவைப் பற்றி எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு, எடுத்துவிட வேண்டும். பாதுகாப்பு எச்சரிக்கைகளுக்கு மட்டும் பொதுவான ஒரு அலைவரிசை இருந்தால் போதும். ஒலிம்பிக்கில் அணி ரேடியோ கிடையாது. 2021-இல் டோக்கியோவில் ஆஸ்திரியாவின் கணித ஆய்வாளர் அன்னா கீசன்ஹோஃபர் தொடக்கத்திலேயே தப்பித்துப் போய்த் தங்கம் வென்றார். இரண்டாவதாக வந்த அன்னெமீக் வான் ஃப்ளூட்டன், தானே வென்றதாக நினைத்துக் கையை உயர்த்தினார். அவருக்கு அது வேதனைதான். ஆனால் பந்தயத்தில் இருப்பவர்களே பந்தயத்தைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியிருந்த நாள் அது.

ஸ்லோவேனிய வீரர் தாடே பொகாச்சரைப் பற்றியும் கேட்பீர்கள். 2024-இல் ஜிரோவை 9 நிமிடம் 56 விநாடியிலும் டூரை 6 நிமிடம் 17 விநாடியிலும் வென்றார். அவர் காத்திருப்பவர் இல்லை, தூரத்திலிருந்தே தாக்குபவர், அதற்காக அவரை நேசிக்கிறேன். ஆனாலும் அந்த டூரின் கடைசி நாட்களில் நான் பெரும்பாலும் இரண்டாம் இடத்துக்கான சண்டையைத்தான் பார்த்தேன். அவரைத் தோற்கடித்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பது 2022 டூரில் தெரிந்தது. கோல் டு கிரனோன் மலையில் முடிந்த நாள், அந்தக் கடைசி ஏற்றத்துக்கு வெகு முன்னால், கலிபியே மலைப் பக்கமே, ஒரே அணியைச் சேர்ந்த ரோக்லிச்சும் விங்ககார்டும் மாறி மாறித் தாக்கினார்கள். ஒவ்வொரு தாக்குதலுக்கும் பொகாச்சர் தானே பதில் சொல்ல வேண்டியிருந்தது. கிரனோனில் விங்ககார்டிடம் கிட்டத்தட்ட 3 நிமிடம் இழந்தார்.

ஆகவே பாதை வகுப்பவர்களிடம் என் வேண்டுகோள் இது. கடைசி மலையை இன்னும் செங்குத்தாக்காதீர்கள். முடிவிடம் மிகக் கடினமாக இருந்தால் எல்லோரும் அதற்காகச் சக்தியைச் சேமித்து, இலவு காத்த கிளிபோல நாள் முழுக்கக் காத்திருப்பார்கள். கடினமான மலையை 30, 40 கிலோமீட்டர் முன்னால் வையுங்கள். அதற்கு அப்புறம் ஒரு நீண்ட பள்ளத்தாக்கு இருக்கட்டும். 2018-இல் அணிக்கு 9 பேர் என்பதை 8 ஆக்கினார்கள், அதை 6 ஆக்குங்கள். பள்ளத்தாக்கில் தலைவர்கள் தனியாக நிற்கட்டும், யார் முன்னால் போய்க் காற்றை வாங்குவது என்று அவர்களே முடிவு செய்யட்டும்.